நாடியில் புண், வேர் பல்லில்

வரம்பில் நீர் கசிந்தால், கசியும் இடத்தில் மட்டும் மண்ணை அப்பிவிட்டுக் கமக்காரன் போவதில்லை. நண்டுப் பொந்து எங்கே தொடங்குகிறதென்று தேடுவான். முகத்தில் வரும் சில புண்களையும் அவ்வாறே பார்க்கவேண்டும்.

1990இலும் 1995இலும் 2009இலும் காணி பூமியை விட்டு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கிவிட்ட குடும்பங்களை நாம் சந்திக்கிறோம். அவர்களுள் ஒரு தாய்க்கு நாடியில் ஆறாத சிறு கட்டு. பாமசியில் பூச்சுமருந்து வாங்கிப் பல மாதங்கள் பூசினார். காயும், மீண்டும் சிதல் வரும். செய்வினை என்று அயலவர் சொல்ல, நேர்த்தியும் வைத்தார். அவரது வாயைத் திறந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. எமக்கும் தோன்றவில்லை. கீழ்ப் பல்லொன்று சூத்தையாகி உள்ளே செத்திருந்தது.

செத்த பல்லின் வேர்நுனியில் சேரும் சிதல், தாடை எலும்பை மெல்ல அரித்துத் தோலுக்கு வழி தேடும். நாடியிலும் தாடையோரத்திலும் பெரும்பாலும் வெளிவரும். மேற்பல்லானால் கன்னத்திலும் வரலாம். வழி கிடைத்தபின் உள்ளே அழுத்தம் குறைவதால் பல் கொதிப்பதில்லை. “பல்லில் நோவே இல்லையே, சுவாமி” என்று பலர் சொல்வது இதனாற்றான். புண் எலும்போடு ஒட்டியதுபோற் குழிந்திருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி குளிசை சில நாள் அடக்கும். பல் அப்படியே இருப்பதால் புண் திரும்பும். தோலை வெட்டினாலும் அதே கதைதான். எக்ஸ்ரே எடுத்து, வேர்ச்சிகிச்சை செய்தோ பல்லைக் கழற்றியோ விட்டால், சில வாரங்களில் தோல் பெரும்பாலும் தானே ஆறிவிடும். சிறு தழும்பு மிஞ்சலாம்.

கண்ணுக்காகக் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். பல்லுக்கும் புனித அப்பொலோனியா இருக்கிறார். அவரை எம்மவர் அறியார், பல்லையும் கவனியார். முகாம்களில் பூச்சுமருந்தைப் பங்கிட்ட நாமும் இப்பழக்கத்தை வளர்த்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நிவாரணப் பட்டியல்களில் பல் எப்போதும் கடைசிதான்.

வெற்றிலை போடுபவரின் ஆறாத புண்ணும், கழுத்தில் வரும் கட்டும் வேறு பாரிய நோயாகவும் இருக்கலாம். எதுவாயினும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் பாமசிக்கல்ல, வைத்தியரிடம் செல்லுங்கள். “என் பற்களையும் பாருங்கள்” என்று நீங்களே கேளுங்கள். கொழும்பு தேசிய பல் வைத்தியசாலை அரச வைத்தியசாலை. அங்கே செல்லத் தயங்கவேண்டாம். தாடையின் கீழ் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.