பாறை சரியுமுன் வெளியேறும் உரிமை வேண்டும்!

2025ம் வருஷம் மே மாதம் 20ந் தேதி சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை கல் குவாரியில் பாறை சரிந்தது. அடியில் வேலை செய்து கொண்டிருந்தவர்களில் ஐந்து பேர் அன்றே மாண்டனர். அவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளி. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன், 2022 மே 14ந் தேதி இரவு, திருநெல்வேலிப் பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியிலும் இதே கதைதான். சிக்கியவர்கள் ஆறு பேர், செத்தவர்கள் நான்கு பேர். இடையில் 2024ல் விருதுநகர் மாவட்டம் ஆவியூர்ப் பக்கத்துக் குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று தொழிலாளர்கள் உடல் சிதறி இறந்தனர். அது நடந்த தேதி மே 1. உலகமெல்லாம் தொழிலாளி கொடியேற்றும் நாளில் இவர்கள் வெடிமருந்தோடு வேலையில் இருந்தார்கள்!

ஒவ்வொரு முறையும் ஊரில் என்ன சொல்கிறார்கள்? "விதி" என்கிறார்கள். நானும் அதையே சொல்கிறேன், விதிதான். ஆனால் தலையில் எழுதிய விதி அல்ல, சர்க்கார் கெஜட்டில் எழுதிய விதி.

1961ம் வருஷத்து உலோகச் சுரங்க ஒழுங்கு விதிகளை எடுத்துப் பாருங்கள். இந்த விதிகள் கல் குவாரிக்கும் உண்டு. கெட்டிப் பாறையை வெட்டும்போது படிபடியாக வெட்ட வேண்டும், சுரங்க இலாகாவின் தனி அனுமதி இல்லாமல் ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. 6 மீட்டர் என்றால் சுமார் 20 அடி. மேலே கல் பெயர்ந்தால் அடுத்த படியில் தங்கும், அடியில் நிற்பவன் தலையில் விழாது. அதற்குத்தான் படி.

நம் ஜில்லாக்களில் குவாரி பார்த்தவர்கள் சொல்லட்டும், எத்தனை குவாரியில் படி இருக்கிறது? கிணறு வெட்டுவது போல் செங்குத்தாக இறங்கியிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் அடியில் நிற்கும் லாரி தீப்பெட்டி போல் தெரிகிறது. ஏன் இப்படி? படி விட்டால் அந்த இடத்துக் கல்லை எடுக்க முடியாது. படி விட விட மேலே அகலமாக இடம் வேண்டும், மேல் மண்ணை ஒதுக்க வேண்டும். எல்லாம் செலவு. குத்தகைக் காலம் முடிவதற்குள் அதே இடத்தில் ஆழமாக இறங்கினால் லாபம். ஒவ்வொரு வேட்டுக்கும் மேல் சுவரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுகிறது. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்குகிறது. பிறகு ஒருநாள் வேட்டு இல்லாமலேயே பாறை வருகிறது.

"சுரங்கச் சட்டத்துக்கும் ஜல்லிக் குவாரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். சுரங்கம் என்றால் தன்பாத் நிலக்கரி, நெய்வேலி பழுப்பு நிலக்கரி என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. 1952ம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தில், 6 மீட்டருக்கு மேல் ஆழம் போகாமல், 50 பேருக்கு மேல் ஆள் வைக்காமல், வெடிமருந்து உபயோகிக்காமல் இருக்கும் சிறிய கல்வெட்டுக் குழிக்குத்தான் விலக்கு. வேட்டு வைத்தால் அது சுரங்கம். ஆகவே கோடையில் வயல் வேலை இல்லாமல் குவாரிக்குப் போகும் விவசாயத் தொழிலாளி, தனக்கே தெரியாமல் சுரங்கத் தொழிலாளி ஆகிறான்.

இந்தச் சட்டத்தின் வேர் நம்மவர் வேலை செய்த இடத்தில் இருக்கிறது. கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் ஒடுக்கப்பட்ட தமிழ் ஜனங்கள். 1897ல் அங்கே ஒரு விபத்தில் 52 பேர் இறந்தனர். பலுசிஸ்தானத்தில் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் இறந்தனர். அதுவரை யோசித்துக் கொண்டே இருந்த வெள்ளைக்கார சர்க்கார் அதன் பிறகுதான் 1901ல் முதல் சுரங்கச் சட்டத்தைக் கொண்டு வந்தது. சுதந்திரம் வந்த பிறகு 1952ல் புதிய சட்டம். அதற்குப் பிறகும் 1958ல் சினாகுரியில் 170 பேருக்கு மேல், 1965ல் தோரியில் 268 பேர் வெடி விபத்தில் மாண்டனர். 1975 டிசம்பர் 27ந் தேதி சஸ்நாலாவில், மேலே தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய சுரங்கம் உடைத்துக் கொண்டு கீழே பாய்ந்து 370 பேருக்கு மேல் மூழ்கடித்தது. அந்த வழக்கில் இரண்டு அதிகாரிகளுக்கு ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது 2012ல்! செத்தவர்களின் பேரப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு.

இப்போது 1952 சட்டம் போய்விட்டது. 2020ல் பார்லிமெண்டில் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்தது. சுரங்கம், பாக்டரி, தோட்டம், துறைமுகம் என்று பதின்மூன்று சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள்.

அதில் நல்லதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய சட்டத்தில் விதியை மீறி ஒருவன் உயிர் போனால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு உழவு மாடு கூட வாங்க முடியாத காசு! புதிய சட்டத்தில் அபராதம் 5 லட்ச ரூபாய்க்குக் குறையக் கூடாது, அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கோர்ட் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார்கள். சரி. ஆனால் அந்த "அல்லது" அப்படியே இருக்கிறது. சிறை இரண்டு வருஷம் வரை, அல்லது அபராதம். பணம் உள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கிரஷர் முதலாளிக்கு 5 லட்சம் எத்தனை நாள் ஜல்லி?

இன்ஸ்பெக்டருக்குப் பெயரை நீட்டியிருக்கிறார்கள். இனி அவர் இன்ஸ்பெக்டர் மட்டுமல்ல, முதலாளிக்கு வசதி செய்து கொடுப்பவரும் கூட. ஒரே ஆள் திருடனையும் பிடிக்க வேண்டும், அவனுக்கு ஏணியும் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது! இதையெல்லாம் விட்டுவிடலாம். விஷயத்தின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு குவாரிக் கிராமத்துக்குப் போயிருந்தேன். நாற்பது வயதுத் தோழர் ஒருவர், டிரில் போடுகிறவர், திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "பாறை பேசும் தோழரே. வர்றதுக்கு முன்னாடி சின்னச் சின்னச் சக்கை உதிரும், உள்ளுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம் கேக்கும். ஒருநாள் கேட்டேன். மேஸ்திரிகிட்டப் போய்ச் சொன்னேன். பயமா இருந்தா வீட்டுக்குப் போ, நாளைக்கும் வராதேன்னார். முன்பணம் வாங்கித் தின்னாச்சு, எங்கே போறது? மறுபடி உள்ளே இறங்கிட்டேன்." அன்று பாறை விழவில்லை. இரண்டு நாள் கழித்து ராத்திரியில், ஆள் இல்லாத நேரத்தில் விழுந்தது. அதனால்தான் அவர் திண்ணையில் உட்கார்ந்து பேச முடிந்தது.

அவருக்குப் புதிய சட்டம் என்ன சொல்கிறது? நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன், வக்கீல் அல்ல. ஆனால் 14வது ஷரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான பயம் இருந்தால் தொழிலாளி அதை முதலாளிக்குத் தெரிவிக்கலாம், இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம். முதலாளிக்குத் திருப்தி ஏற்பட்டால் உடனே சரி செய்ய வேண்டும். திருப்தி இல்லையென்றால் இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும். அவர் முடிவே இறுதி.

தெரிவிக்கலாம்! ஆனால் இன்ஸ்பெக்டர் வரும்வரை அந்தத் தோழர் எங்கே நிற்பது? பாறைக்கு அடியிலா, வெளியிலா? வெளியில் நின்றால் அன்றைய கூலி உண்டா? மறுநாள் வேலை உண்டா? ஷரத்தில் ஒரு வார்த்தை இல்லை. பாறை இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருக்குமா?

இது யாரும் யோசிக்காத விஷயம் அல்ல. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1995ல் சுரங்கப் பாதுகாப்புக்கென்றே 176வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. கடுமையான ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்தை விட்டு வெளியேறும் உரிமையும், பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாங்களே சேர்ந்து தேர்ந்தெடுக்கும் உரிமையும் சுரங்கத் தொழிலாளிக்கு உண்டு என்று அதன் 13வது ஷரத்தில் எழுதியிருக்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

இரண்டாவது உரிமையைப் பாருங்கள். தொழிலாளிகள் தங்களில் இரண்டு பேரை நியமித்து மாதம் ஒரு முறை சுரங்கத்தைச் சோதிக்கலாம் என்று இங்கிலாந்துச் சட்டத்தில் 1872லேயே வந்துவிட்டது. நம் நாட்டில் 1955ம் வருஷத்துச் சுரங்க விதிகளில் பின்னால் சேர்த்தார்கள். எப்படி? 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் சுரங்கத்தில்தான் தொழிலாளர் தரப்பு இன்ஸ்பெக்டர். 100 பேருக்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்புக் கமிட்டி. புதிய சட்டத்திலும் 100 தொழிலாளி இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி. நம் குவாரியில் ஒரு ஷிப்டில் பதினைந்து பேர், இருபது பேர். அவர்களும் மூன்று கான்டிராக்டரின் ஆட்கள். அவர்கள் தலை சட்டத்தின் கணக்கில் வரவில்லை. பாறையோ ஆள் எண்ணி விழுவதில்லை.

முதலாளிமார் பதில் என்ன என்பதும் தெரியும். "இந்த உரிமையைக் கொடுத்தால் தினம் ஒருவன் பயம் என்று உட்கார்ந்து கொள்வான், வேலை நடக்காது" என்பார்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்தால் அடுப்பெரியாத வீட்டிலிருந்து வருகிறவனா சோம்பலுக்காகப் பாறையைச் சாக்குச் சொல்வான்? பொய் சொன்னதாகத் தோன்றினால் பிறகு விசாரிக்கட்டும். முதலில் ஆள் வெளியே வரட்டும், பிறகு விசாரணை. சிறு குவாரி தாங்காது என்றும் சொல்வார்கள். கூடுதல் செலவு ஜல்லி விலையில் கொஞ்சம் ஏறும், உண்மைதான். அதை ரோடு போடும் சர்க்காரும் மாடி கட்டுகிறவர்களும் கொடுக்கட்டும். இன்று அந்தச் செலவைக் கொடுப்பது குவாரிக் கூலியின் வீட்டு விதவை.

பாறை ஒரு நொடியில் கொல்கிறது, தூசி பத்து வருஷத்தில் கொல்கிறது. பஞ்சுத் தூசியால் மூச்சுத் திணறும் ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1947ல் கோலார் தங்கவயலில் 7,653 தொழிலாளிகளைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்குக் கல்தூசி நுரையீரல் நோய் இருந்தது. டிரில் போடும்போது தண்ணீர் விட்டாலே தூசி பெரிதும் அடங்கும். குவாரிகளில் அது கூட நடப்பதில்லை. நோய் வெளியே தெரியும்போது ஆள் அந்தக் குவாரியில் இருக்க மாட்டான், அங்கே வேலை செய்ததற்கு ஆதாரமும் இராது. நஷ்ட ஈடு யாரிடம் கேட்பது?

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். 14வது ஷரத்தைத் திருத்தி, ஆபத்து என்றால் வெளியேறலாம், கூலி பிடிக்கக் கூடாது, வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று எழுத வேண்டும். 500, 100 என்ற கணக்கை எடுத்துவிட்டு, வேட்டு வைக்கும் ஒவ்வொரு குவாரிக்கும் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் வேண்டும். ஒரு குவாரிக்கு ஒருவர் கஷ்டம் என்றால் ஒரு தாலுகாக் குவாரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒருவர். குழியை மூடச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், சம்பளம் குவாரிகளிடமிருந்து வசூலித்த நிதியிலிருந்து. உயிர் போனால் "அல்லது" போய் "மற்றும்" வர வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக் கொண்டு இருக்க வேண்டாம். புதிய சட்டத்தில் நமக்கு உபயோகமான ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று 6வது ஷரத்து சொல்கிறது. குவாரிக்குப் போகும் விவசாயத் தோழர்கள் முதல் நாளே அதைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள், ஷிப்டு முழுவதும் சேர்ந்து கேளுங்கள். கொடுக்க மறுத்தால் குவாரி இருக்கும் ஊர், மேஸ்திரி பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, கூட வேலை செய்யும் இரண்டு பேர் பெயர் ஆகியவற்றை எழுதிப் பக்கத்து மில் யூனியன் ஆபீஸில் கொடுத்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆலைத் தோழர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இதற்காக யூனியன் ஆபீஸைத் திறந்து வைத்தால் போதும்.