மின்சார காரின் கூரைக் கண்ணாடி உடைஞ்சா? டிப்பர் ஓடும் ஊரில் தெரிஞ்சுக்க வேண்டியவை

சேலத்தில் இருந்து நாமக்கல் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி கார் ஓட்டுபவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் போகும். பாரத்தின் மேலிருந்து ஒரு கல் நழுவும். 'டப்' என்று ஒரு அடி. இவ்வளவு காலமும் அந்தக் கல் முன் கண்ணாடியில் பட்டது, இல்லாவிட்டால் கூரைத் தகரத்தில் சின்னதாக ஒரு நசுக்கல் போட்டது. நசுங்கிய தகரத்தோடு பத்து வருஷம்கூட ஓட்டிவிடலாம். இப்போது பச்சை நம்பர் பிளேட் கார்கள் பலவற்றில் கூரையே கண்ணாடி. அதே கல் அங்கே விழுந்தால் செலவும் அலைச்சலும் வேறு ரகம்.

எம்ஜி விண்ட்சர், மஹிந்திராவின் பிஇ 6 மற்றும் எக்ஸ்இவி 9இ, பிஒய்டி சீல், ஹூண்டாய் ஐயோனிக் 5 ஆகியவற்றில் திறக்காத, ஒட்டப்பட்ட கண்ணாடிக் கூரை வருகிறது. டாடா கர்வ் இவி, ஹாரியர் இவி, எம்ஜி இசட்எஸ் இவி, ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் போன்றவற்றின் மேல் வேரியன்ட்களில் இருப்பது திறந்து மூடும் பனோரமிக் சன்ரூஃப். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உடைந்த பிறகு இரண்டும் வேறு வேறு வேலை.

மின்சார காருக்குக் கண்ணாடிக் கூரை எதற்கு? பாதிக் காரணம் ஷோரூம் பகட்டு. மீதிப் பாதி கொஞ்சம் நியாயமானது. பேட்டரி முழுக்க அடியில் படுத்திருப்பதால் காரின் தரை உயர்கிறது; உட்காருபவரின் தலை கூரையை நெருங்குகிறது. தகரக் கூரை என்றால் குறுக்குச் சட்டம், பஞ்சு, துணி என்று தடிமன் சேரும். கண்ணாடி போட்டால் சில சென்டிமீட்டர் மிச்சம். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் சேலத்தில் நடுப்பகலில் அண்ணாந்து வானம் பார்க்க யாருக்கும் ஆசை வராது என்பது தனிக்கதை. கார் வாங்கிய வாரமே சன்ஷேடு தேடுபவர்களைக் கேட்டால் தெரியும்.

உடைந்தது எந்த வகைக் கண்ணாடி என்பதை முதலில் பார்க்க வேண்டும். டெம்பர்ட் கண்ணாடி என்பது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை அடித்துச் சட்டென்று குளிரவைத்துத் தயாரிப்பது. அதன் மேற்பரப்பு எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். அதனால்தான் அதற்கு அவ்வளவு வலு. அந்த இறுக்கம் ஓரிடத்தில் அறுந்தால் போதும், மொத்தமும் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உள்ளே கொட்டிவிடும். லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விழும், ஆனால் சில்லு சில்லாகக் கொட்டாது. கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் முத்திரையைப் பார்த்தால் பெரும்பாலும் எது என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

லேமினேட்டட் கண்ணாடியின் வெளி அடுக்கில் மட்டும் சின்னதாகப் பொத்தல் என்றால், பிசின் செலுத்திச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. அதையும் தள்ளிப்போடக் கூடாது. வெயிலில் நின்று கொதித்த காரில் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் வைப்பது, மத்தியானம் சுடச்சுட இருக்கும் கூரையில் பைப் தண்ணீரைப் பீய்ச்சுவது இரண்டுமே பொத்தலை விரிசலாக்கும் வேலைகள். டெம்பர்ட் கண்ணாடியில் ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது. மாற்றத்தான் வேண்டும்.

எந்தக் கல்லும் படாமலேயே கூரை வெடித்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. 2012-ல் ஹூண்டாய், தன் வெலாஸ்டர் கார்கள் சுமார் 13,500-ஐ அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் பொருத்தும்போதே கூரைக் கண்ணாடி பலவீனப்பட்டிருக்கலாம் என்பதே காரணம். அப்படி நடந்தால் அது வாரன்டி விவகாரம். ஆனால் வாரன்டி ஆவணங்களில் கண்ணாடி உடைவது பொதுவாக விலக்காகவே இருக்கும். தயாரிப்புக் குறை என்று காட்டினால்தான் பேச்சு எடுபடும். அதனால் உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவதற்கு முன், அடிபட்ட தடம் எங்காவது இருக்கிறதா என்று எல்லாப் பக்கத்திலும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

உடைந்த காரை அப்படியே ஓட்டிக்கொண்டு போவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. வேகம் கூடும்போது கூரை மேல் ஓடும் காற்று கண்ணாடியை மேல்நோக்கி இழுக்கும். விரிசல் விட்ட கண்ணாடி 80 கிலோமீட்டர் வேகத்தில் பிய்த்துக்கொண்டு போனால், பின்னால் பைக்கில் வருபவரின் கதி என்ன? மழை இறங்கினால் இன்னொரு தலைவலி. பேட்டரி பெட்டி தண்ணீர் புகாதபடி அடைத்திருந்தாலும், சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் உள்ள ஒயர் இணைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தடித்த பாலித்தீன் தாளால் மூடி, காரை நிழலில் நிறுத்திவிட்டு, இன்சூரன்ஸ் உதவி எண்ணில் டோ வண்டி கேட்பதே சரி. சக்கரம் நான்கும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியாகக் கேட்க வேண்டும். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருள உருள இழுத்துப் போனால், கண்ணாடிச் செலவோடு மோட்டார் செலவும் சேரலாம்.

அடுத்த கட்டத்தில்தான் இந்த வட்டாரத்தின் வினோதம் தெரிகிறது. லாரிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, மறுபடி லாரிக்குச் சங்ககிரி என்று, வண்டி வேலைக்கு நாடெங்கும் பேர்போன ஊர்கள் இவை. பழைய லாரியின் முன் கண்ணாடி உடைந்தால் ரப்பர் பீடிங்கின் இடுக்கில் கயிறு சுற்றி, ஒருவர் வெளியே இருந்து அமுக்க, மற்றவர் உள்ளே இருந்து கயிற்றை உருவ, டீ ஆறுவதற்குள் கண்ணாடி உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் மின்சார கார்க்காரர் கேட்கும் வழக்கமான பதில், "பீஸ் இங்க ஸ்டாக் இல்லீங்க சார், கம்பெனிக்குப் போட்டுத்தான் வரவழைக்கோணும்" என்பது. கண்ணாடி வந்தாலும் அதை ஒட்டத் தெரிந்த ஆள் எங்கே என்பது அடுத்த கேள்வி. சில பிராண்டுகளுக்குக் கோவையோ பெங்களூரோ போக வேண்டியிருக்கும்.

கைத்திறன் இல்லாமல் இல்லை. அந்தக் கைகளுக்கு விவரம் வந்து சேரவில்லை. கூரைக் கண்ணாடிக்குப் பீடிங் கிடையாது. பாலியூரித்தேன் பசைதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. பழைய பசையை மெல்லிய கம்பியாலோ நாராலோ அறுத்து எடுக்க வேண்டும். கூரையின் இரு ஓரங்களிலும் கர்ட்டன் ஏர்பேக் சுருண்டு படுத்திருக்கும். அங்கே கத்தியைக் கண்மூடித்தனமாக விட்டால் ஆபத்து. அதனால் கம்பெனி மேனுவல் சொல்லும் வரிசையில் 12 வோல்ட் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பழைய பசையை முழுக்கச் சுரண்டக் கூடாது. மெல்லிய ஒரு படிவம் இருந்தால்தான் புதுப் பசை அதைப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் கீறிய இடத்தில் பிரைமர் தடவாமல் விட்டால், ரெண்டு மழைக்காலம் போனதும் துரு கிளம்பி ஒழுகல் தொடங்கும். கண்ணாடியின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பட்டை அழகுக்கு இல்லை, பசையை வெயிலில் இருந்து காக்க. அதை வெறுங்கையால் தடவினால் கையின் எண்ணெய்ப் பசையே போதும், ஒட்டு பிடிக்காது.

பிரைமரில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கு டெஸ்லாவின் கதை உண்டு. 2020 நவம்பரில் அந்த நிறுவனம் 2016-ம் ஆண்டு மாடல் எக்ஸ் கார்கள் 9,136-ஐத் திரும்ப அழைத்தது. கூரையில் ஒட்டிய அலங்காரப் பட்டைகள், பிரைமர் இல்லாமல் ஒட்டப்பட்டதால் ஓட்டத்தில் கழன்று போகலாம் என்பதே காரணம். அதற்கு முந்தைய மாதம்தான் கலிபோர்னியாவில், டெலிவரி எடுத்துச் சில மணி நேரமே ஆன ஒரு மாடல் ஒய் காரின் கண்ணாடிக் கூரை நெடுஞ்சாலையில் பிய்த்துக்கொண்டு பறந்தது. 2025 மார்ச்சில் சைபர் டிரக் 46,096 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் கூரை ஓரப் பட்டையின் பசை விட்டுப்போகும் சிக்கலால்தான். உலகப் பெரிய கம்பெனியின் தொழிற்சாலையிலேயே பசை தவறும் என்றால், ரோட்டோரத்தில் வெயிலில் நிறுத்தி அவசரமாக ஒட்டுவது எப்படி இருக்கும்?

இந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் ரகம். சேலத்துக் கோடையில் காற்று வறண்டு கிடக்கும். தகரமோ தொட முடியாத சூடு. அதனால் நிழலுள்ள, தூசி இல்லாத பே-யில் வைத்து, பசைக் கம்பெனி சொல்லும் நேரம் வரை வண்டியை அசைக்காமல் விட வேண்டும். "ஒரு மணி நேரத்துல எடுத்துக்கலாங்க" என்று சொன்னால், எந்தப் பசை, அதன் டப்பாவில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

திறந்து மூடும் சன்ரூஃப் என்றால் கதை கொஞ்சம் மாறும். முன் பக்கம் நகரும் பலகையைப் பல மாடல்களில் ஸ்குரூ கழற்றித் தனியாக மாற்ற முடியும். மொத்த பிரேமையும் மோட்டாரோடு மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் வந்தால், பலகை மட்டும் தனிப் பார்ட் நம்பரில் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். கண்ணாடித் துண்டுகள் தண்ணீர் வடியும் குழாய்களில் போய் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த மழையில் சீட் நனையும். டிரைவருக்கு உதவும் ஏடாஸ் கேமரா பொதுவாக முன் கண்ணாடியில்தான் இருக்கிறது. கூரையை மட்டும் மாற்றிய பில்லில் 'கேமரா கேலிப்ரேஷன்' என்று ஒரு தொகை இருந்தால், அது எதற்கு என்றும் கேட்கலாம்.

இன்சூரன்ஸில் பலருக்கும் தெரியாத ஒரு நல்ல செய்தி உண்டு. இந்திய மோட்டார் டாரிஃப் காலத்தில் இருந்து தொடரும் முறைப்படி, கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். அதாவது 'ஜீரோ டெப்' எடுக்காதவருக்கும் கண்ணாடியின் விலை முழுசாகக் கணக்கில் வர வேண்டும். சுற்றியுள்ள மோல்டிங், கிளிப் வகையறாவில்தான் கை கடிக்கும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

ஆனால் கிளைம் போடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது: நோ கிளைம் போனஸ். முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50-ல் நிற்கும். ஒரு கிளைம் போட்டால் மறுபடி பூஜ்யம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸில் இருந்தவர் கிளைம் போட்டால் அடுத்த வருஷம் 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்து 9,000, 7,500, 4,500, 1,500. ஆக ஐந்து வருஷத்தில் 37,500. காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் நிஜத்தில் இது கொஞ்சம் கம்மியாகவே வரும். சின்னப் பொத்தலுக்குக் கைக்காசு போடுவதும் முழுக் கூரைக்குக் கிளைம் போடுவதும் இந்தக் கணக்கைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இருந்தால் கணக்கே வேறு. எதுவானாலும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் பழைய கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

பார்ட்ஸும் விவரமும் கம்பெனி வாசலைத் தாண்டாதது இன்று முளைத்த பிரச்சினை இல்லை. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது; அதன் நான்கு துறைகளில் ஆட்டோமொபைலும் ஒன்று. தமிழ்நாட்டில் கண்ணாடிக்குப் பஞ்சமும் இல்லை. செயின்ட் கோபைன் 2000-ல் இருந்தே ஸ்ரீபெரும்புதூரில் இயங்குகிறது. அங்கிருந்து சேலம் ஒரு ராத்திரி பார்சல் தூரம். கூரைக் கண்ணாடியின் பார்ட் நம்பர், விலை, ஒட்டும் முறை மூன்றையும் ஒவ்வொரு கார் நிறுவனமும் பொதுவில் போட வேண்டும். நாமக்கல்லின் கண்ணாடி வேலைக்காரர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்தாலே கோவை வரை வண்டியை ஏற்றிப் போகும் செலவு மிச்சமாகும்.

கல் சிந்தும் டிப்பர் விஷயத்துக்குப் பயிற்சிகூடத் தேவையில்லை. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு சொல்கிறது. கிரஷரில் இருந்து வண்டி வெளியேறும் வாசலிலேயே எடையையும் தார்ப்பாயையும் பார்த்துவிட்டால் நெடுஞ்சாலையில் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்கள் அதை அடுத்த கோடைக்கு முன் செய்ய முடியும்.

கண்ணாடி மாற்றிய காரை எடுக்க வருபவர், பே-யிலேயே கூரை மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். முதல் ஒன்றிரண்டு நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தே கதவைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபடும் காற்று புதுப் பசையைத் தள்ளும். பிரஷர் வாஷ் ஒரு வாரம் கழித்து. புதுக் கண்ணாடியின் மூலை முத்திரையையும் பசையின் பெயரையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டால், பின்னால் ஒழுகினால் பேச வசதி.