"நான் என்னத்தைப் பேச?"

"அதெல்லாம் பெரிய ஆளுங்க பேசுற இடம் சார். நான் என்னத்தைப் பேச?"

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மாநாட்டுக்கு ஓர் உரை அனுப்புங்கள் என்றதும் நண்பர் சொன்ன பதில் இது. பதினொரு வருடமாக டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவர். இதை அடக்கம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. மென்பொருளை எழுதியவனுக்கே மேடை என்ற நம்பிக்கை தவறு. திறந்த மூல டேட்டாபேஸ்களுக்குக் கேடும்கூட.

நண்பர் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு பெயர்ப் பட்டியலில் மரகதத்துக்கு முன்னால் மனோகரன் வந்து நின்றார். அமுதாவுக்குப் பின்னால் போனார் அம்மாசி. அகரவரிசை படித்த எவருக்கும் கண்ணை உறுத்தும். காரணத்தைத் தேடி மூன்று நாள் உட்கார்ந்தார். அந்த டேட்டாபேஸின் கொலேஷன், அதாவது அடுக்கும் விதி, 'சி'. அது எழுத்தின் எண்ணை மட்டுமே பார்த்து அடுக்கும். யூனிகோட் அட்டவணையிலோ ன-வின் இடம் ந-வுக்கு அடுத்து. புள்ளி, உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற மென்பொருள் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்தலாம். அதற்கு மாற்றி, இண்டெக்ஸை மறுபடி கட்டினார், பட்டியல் சரியானது. கொலேஷன் எப்படி இயங்குகிறது என்பதை அதை எழுதியவர் நன்றாகவே விளக்குவார். ஆனால் அம்மாசி இடம் மாறி நிற்பது அவர் கண்ணில் படவே படாது.

தப்பைச் சொன்னால் மானம் போகும் என்ற பயம் வேறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், நகல் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் எடுக்கும் நிரல் போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பு, சர்வர் 9.6, பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, எச்சரிக்கை மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. மீட்டெடுத்த பிறகும் ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அவர்கள் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, முழு விவரத்தையும் வெளியிட்டார்கள். அதைப் படித்த பிறகுதான் எங்கள் குழு பேக்கப்பை முதன்முறையாக ரீஸ்டோர் செய்து பார்த்தது.

"ஏற்கெனவே யாராவது பேசியிருப்பாங்க" என்பார்கள். பேசியிருக்கட்டும். டேட்டாபேஸைத் துப்புரவாக்கும் வேக்கம் என்றால் என்னவென்றே தெரியாமல் ஒவ்வொரு ஆண்டும் புதியவர்கள் வருகிறார்கள். ஆங்கிலம் தடுமாறுமே என்பார்கள். பெங்களூரில் பிஜிகான்ஃப் இந்தியா என்ற போஸ்ட்கிரெஸ் மாநாடு நடக்கும்போது அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஆங்கிலத்தைப் பள்ளியில் படித்தவர்கள்தான்.

பெர்க்லி பல்கலைக்கழகத் திட்டத்துக்குப் பிறகு போஸ்ட்கிரெஸில் எஸ்கியூஎல் மொழியைச் சேர்த்தவர்கள் இரண்டு மாணவர்கள். 1996-இலிருந்து அதை வளர்த்தெடுத்தவர்கள் பல நாட்டுத் தன்னார்வலர்கள். நாம் மட்டும் யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறோம்?

பழி முழுக்கத் தயங்குகிறவர் மேல் இல்லை. அறிவிப்பை ஒட்டிவிட்டு, யாரும் அனுப்பவில்லையே என்று போன வருடப் பேச்சாளர்களையே அழைக்கும் தேர்வுக் குழுக்களையும் கண்டிக்கிறேன். ஆளைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். கேட்பது ஒரு தலைப்பும் இரண்டு பத்தியும்தான். தேர்வாகாவிட்டால் அதையே திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்பலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போனேன். முதல் வரியை அவரே சொன்னார்: "மனோகரன் ஏன் மரகதத்துக்கு முன்னாடி வந்தார்?" மீதியை இரண்டு பேருமாக எழுதினோம். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.