கிணற்றுக்கேற்ற மோட்டார்

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

கிணற்றின் ஆழம் பார்த்து மோட்டார் வாங்குகிறவர் குடியானவர். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் பார்த்து வாங்குகிறவர் கடன்காரர். கொங்கு நாட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும், உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே ஒரு விளையாட்டுக் கணிப்பொறியைப் பூட்ட முற்படும்போது இந்தப் பாடம் மறந்துபோகிறது. மறந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டையொட்டியே தறிக்குடோன். விடுமுறையில் நான் உழைத்துச் சேர்த்ததும் அப்பா கொடுத்ததுமாக ஐம்பதாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறினேன். கடையில் என் கண்ணைப் பறித்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதனுள் பல வண்ண விளக்குகளோடு விசிறிகள் சுழன்றன. அதற்குக் கொடுத்த பணத்தை எதில் மிச்சம் பிடிப்பது? கண்ணுக்குத் தெரியாத பொருளில்தான்! பேர் தெரியாத பவர் சப்ளை ஒன்றை மலிவாக வாங்கினேன். மூன்றாம் மாதம், மின்சாரம் போய் வந்த ஒரு மாலையில், ‘பட்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து கருகல் நாற்றம். மதர்போர்டும் கூடவே போயிற்று. அப்பா கோபிக்கவில்லை. “ஏங்கண்ணு, ஸ்டார்ட்டர் வெக்காம யாராச்சும் மோட்டார் ஓட்டுவாங்களா?” என்று மட்டும் கேட்டார். பொருளியல் பயிலும் மகனால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நண்பர்களே, அந்தப் பட்டறிவிலிருந்து சில சொல்வேன். முதலில் திரையைத் தீர்மானியுங்கள். கிணற்றின் ஆழம் என்பது இங்கே திரையிலுள்ள புள்ளிகளின் கணக்கு. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். ‘4கே’ எனப்படும் 3840க்கு 2160 திரையில் ஏறத்தாழ 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. ஆட்டம் தடங்கலின்றி ஓட, இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு அறுபது முறை புதிதாகத் தீட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. முதற் கணிப்பொறிக்குச் சிறிய அளவே போதும் என்பது என் துணிபு. திரையின் அளவு தெரிந்துவிட்டால் கார்டின் அளவும் தெரிந்துவிடும்.

திரை நீங்கலாக, கையில் நூறு ரூபாய் இருந்தால் அதில் முப்பத்தைந்து முதல் நாற்பது வரை கார்டுக்கு ஒதுக்கலாம். ஆறு கோர் உள்ள நடுத்தரப் பிராசசர் போதும். விலையுயர்ந்த பிராசசரையும் வலுவற்ற கார்டையும் சேர்ப்பது, காங்கேயம் காளையோடு கன்றுக்குட்டியை ஏரில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, என்னைச் சுட்ட பவர் சப்ளை. கணக்கைப் பாருங்கள்: 2021-இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600 பிராசசருக்கு 65 வாட். மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் 550 வாட் தாராளம். வேண்டுவது பெரிய எண்ணன்று. சொன்ன வாட்டைச் சொன்னபடி தருவதும், மின்னழுத்தம் எகிறினால் தானே அறுத்துக்கொள்வதுமான தரமே. அட்டைப் பெட்டியில் காணும் ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்லுமேயன்றி, பாதுகாப்புக்கு உறுதி தராது. எத்தனை ஆண்டு வாரண்டி என்று கேளுங்கள். பில்லையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டிக்கு முன்புறம் வலையிருந்து காற்றுப் புகவேண்டும்; தூசி வடிகட்டியும் வேண்டும். தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் தூசி விசிறியில் பாய்போலப் படிந்துவிடும். அப்போது எந்தக் கார்டும் சூடேறி வேகம் குறையும். கண்ணாடியும் விளக்கும் ஆட்டத்திற்கு ஓர் இம்மியும் வேகம் கூட்டுவதில்லை.

பணம் போதவில்லையா? தவணைக் கடன் வேண்டா. நம் ஊரில் வீடு கட்டுகிறவர், பின்னாளில் மாடி எழுப்புவதற்காகக் கம்பிகளை நீட்டிவிட்டுக் கட்டுவதில்லையா? அதுபோல, படம் தீட்டும் திறனும் உள்ளடங்கிய ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரோடு தொடங்கலாம். நல்ல பவர் சப்ளையும் காற்றோட்டமுள்ள பெட்டியும் இருந்தால் அடுத்த தீபாவளிக்குக் கார்டு சேர்த்துக்கொள்ளலாம். இத்தகைய பிராசசர் ராமையே தன் கார்டு நினைவாகவும் பயன்படுத்துவதால், 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு பூட்டுவது சிறந்தது. செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே கார்டுக்கு முன் ராமின் அன்றைய விலையை விசாரித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

பழைய கார்டு வாங்குவதும் தவறன்று. ஆனால் 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தின் முறை மாறியபின், அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. எனவே, அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

“விளையாட்டுக்கு இத்தனை செலவா?” என்று நம் பேராசிரியர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆட்டத்திற்கு மட்டும் என்றால் அது வீண்செலவுதான். ஆயினும் பூட்டத் தெரிந்தவனுக்குப் பழுது பார்க்கவும் தெரியும். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றவர் நம் கோவையின் ஜி. டி. நாயுடு (1893–1974). அவர் வாங்கியது பவிசுக்கன்று; உள்ளே இருப்பதை அறிவதற்கு.

இன்று என் கணிப்பொறி ஒரு சாதாரணத் தகரப் பெட்டியில் இருக்கிறது. விளக்கு இல்லை. இரண்டாம் முறை அதைப் பூட்டும்போது அப்பா பக்கத்தில் அமர்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார். நீங்களும் பணத்தைப் பார்த்து, கிணற்றைப் பார்த்து, பிறகு மோட்டாரைப் பாருங்கள். முதற் கணிப்பொறி பிறர் பார்த்து வியக்க அன்று, நாம் பிரித்துப் பார்த்துக் கற்கவே!