காரகிலும் அதற்குரியாரும்

மணத்தைக் கொண்டு மாந்தரை அளக்கும் வழக்கம் ஒன்று இக்காலத்திற் பெருகி வருகின்றது. நறுமணக் குப்பிகளை விற்போர், இஃது ஆடவர்க்கு, இது மகளிர்க்கு, இது துணிவுடையார்க்கு, இது மென்மையுடையார்க்கு என்று வகுத்து வைக்கின்றனர். வாங்குவோரும் தம் இயல்பு இன்னதென்பதை விற்பவனிடமே கேட்டறிந்து மகிழ்கின்றனர். மற்றொரு சாரார், மல்லிகையும் சந்தனமுமே நமக்குரியன என்றும், இருண்டு கனத்தெழும் மணங்கள் பிறர் நாகரிகம் என்றும், அவற்றைப் பூசிவரும் இளம்பெண் அடக்கமற்றவள் என்றும் கடிந்து பேசுகின்றனர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதே என் கருத்து. கரிய மணம் யாருக்கு ஏற்கும் என்னும் வினாவுக்கு நம் பழைய இலக்கியம் இவர்கள் இருவரினும் நல்ல விடை வைத்திருக்கின்றது.

கரிய மணங்களுக்குத் தலைமை பூண்டது அகில். அதன் பிறப்பு வியத்தற்குரியது. நோயின்றி வளர்ந்த அகில் மரத்தின் கட்டை வெளிறியது, நொய்யது, சொல்லத்தக்க மணம் இல்லாதது. மரம் காயப்பட்டு, அக்காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்த பின்னரே அது தன்னைக் காத்தற்பொருட்டு ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பிசின் ஊறி வயிரம் கறுக்கின்றது. பிசின் நிறைந்த கட்டை நீரில் அமிழும் அளவிற்குக் கனக்கின்றது. சீனர் இதனை அமிழும் நறும்பொருள் என்னும் பொருள்படப் பெயரிட்டழைப்பது இதனாலேயாம். சந்தனத்தின் மணம் மரத்தின் இயல்பு. அகிலின் மணமோ மரம் தன் புண்ணுக்குத் தானே இட்ட மருந்து.

இம்மணம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என அகிலின் வகைகளை எண்ணுகின்றார். கிடாரம் இன்றைய மலேசியாவின் கெடா என்பர். அருமணம் கீழ்ப் பர்மாவைச் சார்ந்தது. எனவே கடல் கடந்து வந்த அகிலை ஊர்வாரியாகப் பிரித்தறியும் மூக்கு நம் முன்னோர்க்கு இருந்தது என்பது போதரும். ஐரோப்பியர் இதனைத் தென்னிந்தியத் துறைகளிற் கண்டபோது, அகில் என்ற பெயர் போர்த்துக்கேயர் வாயிற் சிதைந்து, பின்னர் ஆங்கிலத்திற் கழுகைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்து, 'ஈகிள் வூட்' என்றாயிற்று. கழுகுக்கும் அம்மரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அரபு மொழியில் இதன் பெயர் 'ஊத்'. நாம் நாள்தோறும் கொளுத்தும் ஊதுவத்தியின் முற்பகுதி அச்சொல்லே, ஊதுதற்றொழிலிற் பிறந்ததன்று.

மேனாட்டுப் பெருங்கடைகளுக்கோ அகில் மிகப் பிந்தியே சென்றது. 2002 ஆம் ஆண்டில் ஈவ் சென் லோரன் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 'எம் 7' என்ற நறுமணத்தை ஆடவர்க்கென வெளியிட்டது. அகிலை முன்னிறுத்தி அங்குப் பரவலாக விற்பனைக்கு வந்தவற்றுள் அது முன்னோடி. அக்காலத்து வாங்குவோர் அதனைப் பெரிதும் விரும்பினாரல்லர். 2007 இல் டொம் போர்ட் வெளியிட்ட 'ஊட் வூட்' முதலியன வந்த பின்னரே அகில் ஒரு மோகமாயிற்று. நாம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்த பொருளை இன்று அயலார் குப்பியிற் கண்டு அயல் நாகரிகம் என்று வெறுப்பது, தன் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாராதான் செயலை ஒக்கும்.

இனி, ஆளுக்கேற்ற மணம் என்னும் கொள்கையைப் பார்ப்போம். மணத்தையும் மனத்தையும் இணைத்துக் காண்பது தவறன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பூவின் பெயரால் ஒழுக்கத்தைக் குறித்த மொழி நம்முடையது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் புலவர் பூவை ஆளுக்கு உரிமையாக்கினாரல்லர். நிலத்துக்கும் பொழுதுக்கும் ஒழுக்கத்துக்கும் உரிமையாக்கினர். குறிஞ்சியிற் கூடிய தலைவியே முல்லையில் இருக்கின்றாள். அவளே மருதத்தில் ஊடுகின்றாள். அவளே நெய்தலில் இரங்குகின்றாள். இவள் குறிஞ்சிப் பெண், இவள் நெய்தற் பெண் என்று பிறவியிலேயே முத்திரை குத்தும் வழக்கம் அகத்திணையில் இல்லை. கடைக்காரன் வகுப்பு மனிதனை ஒரே குப்பியில் அடைக்கின்றது. புலவன் வகுப்போ அவன் வாழ்வின் எல்லாப் பொழுதுகளுக்கும் இடந்தருகின்றது. ஆகவே இம்மணம் எத்தகைய ஆளுக்கு ஏற்கும் என்று வினவுவதினும், எப்பொழுதுக்கும் எவ்வொழுக்கத்துக்கும் ஏற்கும் என்று வினவுவதே முறை.

அவ்வினாவுக்கு நெடுநல்வாடை விடை தருகின்றது. கூதிர்காலத்துக் குளிரிலே சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கின்றது, சாந்து துறக்கப்படுகின்றது. மகளிர் மாலை சூடாது, கூந்தலிற் சில மலரே பெய்யக் கருதி, நெருப்பமைத்து, கரிய வயிரமுடைய அகிலை வெள்ளயிரோடு சேர்த்துப் புகைக்கின்றனர். வெள்ளயிரைக் கண்டசருக்கரை என்பர் உரைகாரர். கரியதும் வெளியதும், கைப்பும் இனிப்பும் ஒரே தணலில் இடப்படும் நுட்பத்தை நோக்குக. அப்பாட்டின் அரசி பிரிவால் வாடிக் கிடக்கின்றாள். அரசனோ பாசறையில் நள்ளிரவிலும் துயிலாது புண்பட்ட வீரரைக் கண்டு திரிகின்றான். காத்திருத்தலும் பொறுத்தலும் கடமை தவறாமையும் நிறைந்த அவ்விரவின் மணம் அகிலே. வேனிலின் களிப்புக்குச் சந்தனம். கூதிரின் பொறைக்கு அகில். அங்கே அகிலைப் புகைப்போர் மகளிர் என்பதும் நினைக்கத்தக்கது. 2002 இல் ஆடவர்க்கு என்று எழுதி ஒட்டிய சீட்டு எவ்வளவு அண்மைக் காலத்தது என்பது இதனால் விளங்கும்.

கரிய மணத்தை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகக் கொள்வோர் இன்னொன்றும் அறிதல் வேண்டும். அவர்கள் போற்றும் வெண்மல்லிகையின் மணத்திலேயே இண்டோல் என்னும் பொருள் கலந்துள்ளது. அது செறிந்த நிலையிற் குமட்டும் நாற்றமுடையது. சிறிதளவாய்க் கலந்திருக்கும்போதே பூவுக்கு நிறைவளிக்கின்றது. இறைவன் திருமேனிக்குச் சாத்தும் புனுகும் அத்தகையதே. செறிந்தால் முகஞ்சுளிக்க வைப்பது, அணுவளவில் அருமையாகின்றது. மணப்பொருள்களுள் இருளும் ஒளியும் கலந்தே கிடக்கின்றன. அளவே அவற்றைத் தீர்மானிக்கின்றது. ஆதலின் ஒரு பெண் பூசிய மணத்தைக் கொண்டு அவள் ஒழுக்கத்தை எடைபோடுவது அறியாமை, அறமும் ஆகாது. அளவு மீறிப் பூசிப் பிறரை மூச்சுமுட்டச் செய்வார் உளராயின், அக்குற்றம் மல்லிகை பூசினார்க்கும் ஒக்கும்.

எனவே காரகில் யாருக்கு ஏற்கும்? தன்னைப் பறையறைவிக்க விரும்புவார்க்கு ஏலாது. அஃது உடனே இன்புறுத்தும் மணம் அன்று. முதலிற் சற்று உறுத்தி, பொழுது செல்லச் செல்லத் தன் ஆழத்தைக் காட்டுவது. முதற்பார்வையிற் பிறர் மதிப்பைப் பெற விரையாதவர், துன்பத்தை உள்ளே வைத்து நன்றாக்கத் தெரிந்தவர், ஆணாயினும் பெண்ணாயினும் அவர்க்கு அது பொருந்தும். நம்முள் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய பொழுது ஒன்று வருதலின், அஃது எல்லார்க்கும் ஒருநாள் உரியதாம்.

உரிமை கூறுவார்க்குக் கடமையும் உண்டு. காட்டகில் அருகிவருதலின், 2004 ஆம் ஆண்டில் அகிலைத் தரும் இரு மரவினங்களும் முழுமையாகப் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் கொணரப்பட்டன. அவற்றுள் ஒன்றைச் சார்ந்தது, நம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் வல்லபட்டை. நாட்டுப்புறத்தார் அதன் பட்டையைக் கயிறாக்கினர். அதுவும் அகிற்பிசின் தரும் என்பதை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2012 இல் வெளியிட்டனர். கள்ளக் கடத்தலும் உடன் பெருகிற்று. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வல்லபட்டை பிடிபட்ட செய்தி பலகால் வந்துள்ளது. எம்மரத்தினுள்ளே பிசின் உண்டென்பது புறத்தே எளிதிற் புலப்படாமையால், ஒன்றுக்காகப் பல மரங்கள் வீழ்த்தப்படுகின்றன. தோட்டங்களில் மரத்திற் செயற்கையாகத் துளையிட்டுப் பிசின் விளைவிக்கும் முறை இன்று உண்டு. ஆதலின் இம்மணத்தை விரும்புவோர், அஃது எங்கு விளைந்தது என்று கேட்டு வாங்குவாராக. பொறுமையின் மணத்தைப் பொறுமையற்ற கோடரியினாற் பெற்றுப் பூசிக்கொள்வார்க்கு, அதன் விலை மிக்கிருக்கலாம். அதற்குரிய தகுதி இல்லை.