ஏட்டிலிருந்து வாள் கற்கலாமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்று கடந்த சில பத்தாண்டுகளாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து வருகிறது. 16, 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வழங்கிய ரேப்பியர் வாட்கலையை, அக்காலத்து நூல்களைத் துணையாகக் கொண்டு சிறு சிறு குழுக்கள் பயின்று வருகின்றன. ஆசான் வழி அறுந்துபோன கலை அது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வாள்வீச்சு முறை ஸ்பெயினில் மேலோங்கத் தொடங்கியது. 1805இல்கூட இப்பழைய மரபின் பெயரால் மானுவேல் அந்தோனியோ தெ பிரேயா ஒரு நூல் எழுதினார் என்றாலும், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கையிலிருந்து கைக்குச் சென்ற பயிற்சி நின்றுவிட்டது. எஞ்சியவை நூல்களும், படங்களும், அருங்காட்சியகங்களில் உள்ள வாள்களும் மட்டுமே.

இந்த முயற்சியைக் குறித்து இருவகைத் தீர்ப்புகள் எளிதில் வழங்கப்படுகின்றன. கல்விப்புலத்தினர் பலர் இதை வேடிக்கைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகின்றனர். பயில்வோர் சிலரோ, இறந்த கலையை அப்படியே மீட்டுவிட்டதாகக் கூறிக்கொள்கின்றனர். இரண்டுமே பிழையான தீர்ப்புகள். ஆசான் இல்லாத ஒரு போர்க்கலையைப் பயில்வது அடிப்படையில் ஒரு வாசிப்பு. உடலால் நிகழ்த்தப்படும் வாசிப்பு. சுவடிப் பதிப்புக்கு எத்தகைய ஒழுங்கு தேவையோ அதே ஒழுங்கு இதற்கும் தேவை. அந்த ஒழுங்கு இருக்கும் இடத்தில் இது ஆய்வு. இல்லாத இடத்தில் வெறும் கற்பனை.

முதலில் அந்தக் கலையின் அமைப்பைப் பார்க்கலாம். ஸ்பானியர்கள் அதை 'வெர்தாதேரா தெஸ்த்ரேசா', அதாவது 'மெய்யான திறம்' என்று அழைத்தனர். ஹெரோனிமோ சாஞ்செஸ் தெ கரான்சா 1569இல் எழுதி முடித்து 1582இல் வெளியிட்ட உரையாடல் வடிவ நூலே அதன் தொடக்கம். அவர் வழிவந்த லூயிஸ் பச்சேகோ தெ நார்வாயெஸ் 1600இல் 'வாளின் மேன்மைகள்' என்னும் பொருள்படும் நூலை மாட்ரிட்டில் வெளியிட்டார். பிற்காலத்தில் அவரே மன்னர் நான்காம் பிலிப்பின் வாட்கலை ஆசிரியராகவும் விளங்கினார். ஆண்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த ஜிரார் திபோ, மனித உடலின் அளவுகளிலிருந்து வரைந்த வட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, பெரிய செப்புத்தகட்டுப் படங்களுடன் தம் பிரெஞ்சு நூலைப் படைத்தார். அது 1630இல் லைடனில் அச்சேறியது.

இவர்களைப் பிற நாட்டு ஆசிரியர்களிடமிருந்து வேறுபடுத்துவது வடிவியல். 1610இல் நூல் வெளியிட்ட இத்தாலியரான ரிடோல்ஃபோ காப்போ ஃபெர்ரோவின் வீரன் முழங்காலை மடக்கி, உடலை முன்னே பாய்ச்சிக் குத்துகிறான். ஸ்பானிய வீரனோ நிமிர்ந்து நிற்கிறான். கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டி, உடலோடு செங்கோணம் அமையுமாறு வாளைப் பிடிக்கிறான். எதிர் எதிரே நிற்கும் இருவரும் தரையில் ஒரு கற்பனை வட்டத்தின் விட்டத்து முனைகளில் நிற்பதாகக் கொள்ள வேண்டும். ஒருவரின் வாள்முனை மற்றவரின் வாளில் உள்ள கைக்காப்பைத் தாண்டாத தொலைவே தொடக்கத் தொலைவு. நேரே முன்னேறினால் எதிரியின் முனைமீதே போய் விழ நேரும். ஆகவே வட்டத்தின் ஓரமாக நடந்து, கோணத்தை மாற்றியே நெருங்க வேண்டும்.

1885இல் ஐரோப்பிய வாள்வீச்சின் வரலாற்றை எழுதிய எகர்ட்டன் காசில், இந்த வடிவியலைத் தேவையற்ற சிக்கலாகவே கண்டார். தம் காலத்து வாள்வீச்சை உச்சமாகவும் முந்தையவற்றை அதற்கான படிகளாகவும் கருதியவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ஒரு கோலை எடுத்துக்கொண்டு சுவர் எதிரே நிற்கும் எவரும் ஒன்றை உணரலாம். கை தோள் உயரத்தில் நேராக இருக்கும்போது கோலின் முனை சுவரைத் தொடுகிறது. நின்ற இடம் மாறாமல் கையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ முனை சுவரிலிருந்து விலகுகிறது. செங்கோணத்தில்தான் எட்டும் தொலைவு மிகுதி. பக்கத்தில் புதிராகத் தோன்றிய கோடு, கையில் கோல் ஏறியதும் நடைமுறை அறிவாகிவிடுகிறது. உடல் வாசிப்பின் முதல் பயன் இதுவே.

இரண்டாவது பயன் மொழி சார்ந்தது. இந்நூல்களின் சொற்கள் இன்றைய ஸ்பானியத்தில் வாழும் சொற்களே, பொருள்தான் வேறு. 'அதாஹோ' என்றால் இன்று குறுக்குவழி. வாட்கலை நூல்களில் அது, தன் வாளை எதிரியின் வாள்மீது வைத்து, அந்த வாளுக்கு எஞ்சியிருக்கும் அசைவுகளைக் குறைத்துக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கிறது. தடுத்தல், மறித்தல் என்ற வினைப்பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது. 'கொம்பாஸ்' என்ற சொல் கவராயத்தையும் குறிக்கும், இசையின் தாளக்கட்டையும் குறிக்கும். இந்நூல்களிலோ அது காலடி. நேரடி, வளையடி, குறுக்கடி என அதற்குப் பல வகைகள் உண்டு.

இன்னும் ஆழமான சிக்கல், வாளின் அசைவுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களில் இருக்கிறது. கீழே இறங்கும் அசைவு 'இயற்கை' அசைவு. மேலே ஏறும் அசைவு 'வன்முறை' அசைவு. இக்காலத்து வாசகர் 'வன்முறை' என்ற சொல்லைக் கண்டதும் ஆவேசமான தாக்குதலை எண்ணிக்கொள்வார். அது அரிஸ்டாட்டிலின் இயற்பியல் சொல். கனமான பொருள் கீழ்நோக்கிச் செல்வது அதன் இயல்பு. மேலே செல்ல வேண்டுமானால் புறவிசை ஒன்று அதை வற்புறுத்த வேண்டும். எனவே எவ்வளவு மென்மையாக வாளைத் தூக்கினாலும் அது 'வன்முறை' அசைவே. மையக்கோட்டிலிருந்து விலகுவது, மையத்துக்குத் திரும்புவது, முன் செல்வது, பின் வருவது ஆகிய நான்கையும் சேர்த்து மொத்தம் ஆறு அசைவுகள்.

இந்தப் பட்டியல் வெறும் வகைப்பாடாக நின்றுவிடுவதில்லை. முழு வீச்சில் வெட்ட வேண்டுமானால் வாளை முதலில் தூக்க வேண்டும், மையத்திலிருந்து விலக்க வேண்டும், பிறகே இறக்க முடியும். நேரே நீட்டிய வாளால் குத்துவதற்கு முன் செல்லும் அசைவு ஒன்றே போதும். வெட்டுபவர் மூன்று அசைவுகளைச் செலவிடும் நேரத்தில் குத்துபவர் ஒன்றை முடித்துவிடலாம். அசைவுகளை எண்ணுவது காலத்தை எண்ணுவதே என்பது இருவர் எதிர் எதிரே நின்று செய்து பார்க்கும்போதுதான் முழுமையாக விளங்குகிறது. அகராதி சொல்லின் பொருளைத் தருகிறது. அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பயிற்சி காட்டுகிறது.

ஆயினும் உடலின் சாட்சியத்துக்கு எல்லை உண்டு. 'செய்து பார்த்தோம், பலித்தது. ஆகவே ஆசிரியர் கூறியது இதுவே' என்ற வாதம் பயில்வோரிடையே அடிக்கடி எழுகிறது. அது தருக்கப் பிழை. ஒரு வாக்கியத்துக்கு மூன்று விளக்கங்கள் இருக்க, மூன்றும் களத்தில் பலிக்கக்கூடும். பலித்தது என்பது அந்த விளக்கம் சாத்தியமானது என்பதை மட்டுமே நிறுவும். மாறாக, நூல் கூறும் தொலைவில், நூல் கூறும் காலடியை வைத்தும் வாள்முனை எதிரியை எட்டவில்லை என்றால், அந்த விளக்கத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று கொள்ளலாம். உடலால் ஒரு வாசிப்பை மெய்ப்பிப்பது அரிது, மறுப்பது எளிது. இந்த வேறுபாட்டை மறக்காத பயிற்சியே ஆய்வுக்குப் பயன்படும்.

அதோடு, இன்றைய உடல் நடுநிலையான கருவி அன்று. முகக்கவசம், கழுத்துக்காப்பு, தடித்த மேலாடை, முனை மழுங்கி வளைந்துகொடுக்கும் வாள் ஆகியவை பாதுகாப்புக்கு இன்றியமையாதவை. ஆனால் அவை அச்சத்தை அகற்றிவிடுகின்றன. கூர்மையான வாளின் எதிரே நிற்பவர் எடுக்கத் துணியாத ஆபத்தைக் கவசம் அணிந்தவர் தயங்காமல் எடுக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் நிலை பயிற்சிக் கூடங்களில் சாதாரணமாகிவிடுகிறது. அடிபடாமல் இருப்பதையே முதன்மையாகக் கொண்ட ஒரு நூலை, புள்ளி எடுப்பதையே பழகிய உடல் வாசிக்கும்போது திரிபு ஏற்படுவது இயல்பு. வாளோடு வாள் உரசும்போது உணரப்படும் அழுத்தத்தைப் பற்றி இந்நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. எனினும் எவ்வளவு அழுத்தம் என்பதை எந்த எழுத்தாலும் கைக்குக் கடத்த முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவது இன்றைய கையே. நிரப்பியது தவறில்லை, நிரப்பியதை மறைப்பதுதான் தவறு.

இன்னொரு கேள்வியும் எழுப்பப்பட வேண்டும். எவருடைய ஏட்டை வாசிக்கிறோம்? 'மெய்யான' திறம் என்று ஒன்றுக்குப் பெயரிட்டால், மெய்யற்றது என்று இன்னொன்றைத் தள்ளுவதாகும். பச்சேகோவும் அவர் வழியினரும் தங்களுக்கு முந்தைய ஆசான்களின் முறையை 'பாமரத் திறம்' என்று அழைத்தனர். அந்த ஆசான்கள் வெறும் சண்டைக்காரர்கள் அல்லர். தேர்வு பெற்று உரிமம் வாங்கியே கற்பித்தவர்கள். 1474ஆம் ஆண்டைச் சேர்ந்தவையாகக் கூறப்படும் ஹைமே போன்ஸ், பெத்ரோ தெ லா தோர்ரே ஆகியோரின் நூல்களும், 1532இல் ஃபிரான்சிஸ்கோ ரோமான் எழுதிய நூலும் இன்று கிடைக்கவில்லை. அவற்றைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அவர்களை மறுத்து எழுதிய பச்சேகோவின் வழியாகவே வருகின்றன. மறுப்புரையில் எஞ்சிய மேற்கோள்களைக் கொண்டு ஒரு சமயத்தை மதிப்பிடுவது எவ்வளவு இடர்மிக்கது என்பதைத் தத்துவ வரலாறு பயின்றவர்கள் அறிவர். தொமிங்கோ லூயிஸ் கொதீன்யோ 1599இல் எழுதிய கையெழுத்துப் படி ஒன்று தப்பிப் பிழைத்ததால்தான் அந்தப் பழைய முறையின் குரல் நேரடியாகக் கேட்கிறது. ஒற்றை வாள் மட்டுமன்றி, கேடயம், குத்துவாள், மேலங்கி, இரட்டை வாள், இருகை நெடுவாள் என அதன் பரப்பு விரிந்தது.

அக்காலத்திலேயே இந்த மோதல் வெளிப்படையாக நடந்தது. கெவேதோ 1626இல் அச்சான தம் 'எல் புஸ்கோன்' புதினத்தில், பச்சேகோவின் நூலைச் சுமந்துகொண்டு கோணங்களாகவே பேசித் திரியும் ஒருவனைப் படைத்தார். விடுதியில் அகப்பைகளைக் கொண்டு அவன் பாடம் நடத்துகிறான். தேர்வு பெற்ற ஆசான் ஒருவன் எதிர்ப்பட்டதும் அவன் பாடு திண்டாட்டமாகிறது. ஏட்டுச் சுரைக்காயின் ஸ்பானிய வடிவம் அது. நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு உண்மையான சமூகப் போட்டி இருந்தது: கைத்தொழிலாகக் கற்பிக்கப்பட்ட அறிவா, அறிவியல் மொழியில் எழுதப்பட்ட அறிவா? வழக்கில் உள்ள பேச்சைக் கொச்சை என்று தள்ளி, இலக்கணம் எழுதப்பட்ட வகையை மட்டும் மொழி என்று ஏற்ற வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. இன்று ஸ்பானிய வாட்கலை என்றாலே வட்டமும் செங்கோணமும் நினைவுக்கு வருவதற்குக் காரணம், அச்சேறியவற்றில் பெரும்பகுதி வென்றவர்களின் நூல்கள் என்பதே.

சொற்களின் பயணத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பிலிப்பைன்ஸின் 'எஸ்க்ரிமா', 'ஆர்னிஸ்' ஆகிய பெயர்கள் முறையே வாள்வீச்சையும் கவசத்தையும் குறிக்கும் ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தவை. 2009இல் ஆர்னிஸ் அந்நாட்டின் தேசியப் போர்க்கலையாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. பெயர் ஸ்பானியம் என்பதற்காகக் கலையும் ஸ்பானியம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. கடன்சொல் தொடர்புக்குச் சான்று. அசைவு எங்கே தோன்றியது என்பதற்குச் சான்று அன்று. அறுந்துபோன ஐரோப்பிய மரபின் ஓட்டைகளை அடைக்க, வாழும் ஆசிய மரபு ஒன்றிலிருந்து வசதியானவற்றை மட்டும் பிய்த்தெடுப்பது அந்த மரபை வெறும் காப்பகமாகக் குறுக்கிவிடும்.

ஆகவே இரு தரப்பும் மாற வேண்டும். பயில்வோர், நூல் கூறுவது எது, படத்திலிருந்து ஊகித்தது எது, தங்கள் உடல் நிரப்பியது எது என்பதைப் பிரித்து எழுத வேண்டும். சிதைந்த சுவடியில் தாம் சேர்த்த எழுத்துகளைப் பதிப்பாசிரியர் அடைப்புக்குறிக்குள் இடுவதைப் போன்ற எளிய நேர்மை அது. தோற்ற விளக்கங்களையும் பதிவு செய்ய வேண்டும். அடுத்து வருபவருக்கு மிகவும் உதவுவது அவையே. கல்விப்புலத்தினரோ, செய்து பார்த்தலை ஒரு முறையியலாக ஏற்று, அதற்குரிய கடுமையோடு மதிப்பிட வேண்டும். வாளைத் தொடாமலேயே வாள்நூலுக்கு உரை எழுதலாம் என்ற நம்பிக்கையும் ஒருவகைக் கற்பனையே.

பழமொழி சொல்வது சரியே. ஏட்டைக் கொண்டு மட்டும் கறி சமைக்க முடியாது. ஆனால் ஏட்டில் எழுதியவர் சுரைக்காயை அறிந்திருந்தார். அவர் அறிந்ததில் எவ்வளவு நமக்கு எட்டுகிறது, எவ்வளவு எட்டவில்லை என்பதை அளந்து சொல்வதே இந்தப் பயிற்சி தரக்கூடிய அறிவு. அந்த அளவைச் சொல்லத் துணியாத வரை, எவ்வளவு அழகாக வாள் சுழற்றினாலும் 'மீட்டுவிட்டோம்' என்ற சொல்லுக்கு உரிமை இல்லை.