வீட்டுக்கும் சாம்பிள் வேண்டும்!

திருப்பூருக்கு பனியன் வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரி வெறும் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பதில்லை. சாம்பிள் கேட்கிறார். துணியின் ஜி.எஸ்.எம். என்ன, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று கேட்கிறார். திருப்தி ஏற்பட்ட பிறகே ஆர்டர்.

அதே ஊரில் வீடு கட்டுகிறவர் என்ன செய்கிறார்? செல்போனில் படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார். பல ஆண்டு ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணத்தை அட்வான்சாகக் கொடுத்துவிடுகிறார்.

காண்டிராக்டர்கள் இணையதளம் வைப்பது நல்லதுதான். முன்பெல்லாம் மேஸ்திரியின் பெயர் டீக்கடைப் பேச்சில் பரவியது. பிழைக்க வந்து அவிநாசியிலோ பல்லடத்திலோ மனை வாங்கியவருக்கு விசாரிக்க உள்ளூர்ச் சொந்தம் ஏது? இணையதளம்தான் அவருக்கு டீக்கடை. அங்கே யாரோ கட்டிய மாளிகையின் படத்தைப் போடுவது நியாயமா? அது சாம்பிள் அல்ல, தூண்டில்.

என்ன இருக்க வேண்டும்? காண்டிராக்டர் தாமே கட்டிய வீடுகளின் படம் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு நேரில் பார்க்கவும் ஏற்பாடு வேண்டும். சதுர அடி ரேட்டில் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர் அடக்கமா, தனியா என்று எழுத வேண்டும். அஸ்திவாரத்துக்கு எவ்வளவு பணம், தளம் போடும்போது எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் கரையோரம் நிலத்தடி நீர் கெட்டது. 2011-ல் சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்தக் கழிவுப் பிரச்சினையில்தான். உப்பு நீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. நீரைச் சோதித்த சீட்டை இணையதளத்தில் போடுகிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்?

வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறை இருந்தால் வழக்குப் போடலாம். ஆனால் சுவர் வெடித்தபின் கோர்ட்டுப் படி ஏறுவதைவிட, அட்வான்ஸ் கொடுக்குமுன் நாலு கேள்வி கேட்பது மேல்.

உள்ளதை உள்ளபடி எழுதினால் சிலர் ரேட்டைப் பார்த்து ஒதுங்கலாம். ஒதுங்கட்டும். வருகிறவர் எல்லாம் தெரிந்து வருவார். பாதி வேலையில் சண்டை இராது.

பனியன் வியாபாரி சரக்கு பிடித்தால் அடுத்த ஆண்டும் வருவார். வீட்டுக்காரர் வரமாட்டார், அவருக்கு ஒரு வீடு போதும். ஆனால் தம்பியை அனுப்புவார், பங்காளியை அனுப்புவார். காண்டிராக்டருக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன?